படுக்கை விரிக்கப் போகிறான் என் பேரன்

போன வாரம் கடற்கரைச் சாலையில் எங்கள் வழக்கமான பெஞ்சில் ஒரு சண்டை. எழுபது தாண்டிய நாலு பேர் போடுகிற சண்டை, கடைசியில் இருமலில் போய் முடியும். அன்றும் அப்படித்தான் முடிந்தது. ஆனாலும் ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அங்கே சொல்ல விட்டதை இங்கே எழுதி வைக்கிறேன். அந்த நண்பரும் இதைப் படிப்பார். படிக்கட்டும்.

என் மகள் வயிற்றுப் பேரனுக்கு வயது இருபத்துநாலு. ஓட்டல் நிர்வாகத்தில் டிகிரி வாங்கியவன். ஆஸ்திரேலியாவில் ஏதாவது ஒரு பனிமலை ஓட்டலில் நாலு மாத சீசன் வேலைக்குப் போக வேண்டும் என்று முயற்சி செய்துகொண்டிருக்கிறான். இதைக் கேட்டதும் ஓய்வு பெற்ற தலைமையாசிரியரான என் நண்பர் கொதித்துப் போனார். "டிகிரி படிச்ச புள்ள கடல் தாண்டிப் போயி வெள்ளக்காரன் கக்கூஸ் கழுவணுமா? நீங்களும் அதுக்குத் துணை போறீங்களே, வெக்கமா இல்லையாய்யா?"

எனக்கு வெட்கமாக இல்லை. வெட்கப்பட்டிருக்க வேண்டிய ஒரு சமயம் இருந்தது, அதற்குப் பின்னால் வருகிறேன்.

முதலில் இந்த "ஒர்க்கிங் ஹாலிடே விசா" என்னவென்று நம் வயதுக்காரர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். பெயரை வைத்து நானும் ஏமாந்தவன்தான். இரண்டு நாடுகள் தங்களுக்குள் ஒப்பந்தம் போட்டுக்கொள்கின்றன: உன் நாட்டுப் பிள்ளைகள் என் நாட்டில் ஒரு வருஷம் சுற்றிப் பார்க்கட்டும், கைச்செலவுக்கு வேலையும் செய்துகொள்ளட்டும். முதலாளி யாரும் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டு அழைக்க வேண்டாம். குடியேறுவதற்கான விசாவும் இல்லை இது. ஆஸ்திரேலியாவில் ஒரே முதலாளியிடம் பொதுவாக ஆறு மாதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்று நிபந்தனையும் உண்டு. பிரெஞ்சில் இதை "பெர்மி வகான்ஸ்-திரவாய்" என்கிறார்கள், அதாவது விடுமுறை-வேலை அனுமதி. வகான்ஸையும் திரவாயையும் ஒரே மூச்சில் சொல்லியிருந்தால் எங்கள் பிரெஞ்சு வாத்தியார் பிரம்பை எடுத்திருப்பார்.

ஆஸ்திரேலியாவில் பனியா என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் ஸ்நோயி மலைகள் என்றே ஒரு தொடர் இருக்கிறது. அதில்தான் அந்த நாட்டின் பெரிய சிகரம் கோஸியஸ்கோ, 2,228 மீட்டர். நம் ஊட்டி தொட்டபெட்டா 2,637 மீட்டர்! உயரத்தில் நாம்தான் ஜாஸ்தி. பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால் நமக்கு உறைபனியோடு சரி. அங்கே பெரிஷர், திரெட்போ, பக்கத்து விக்டோரியா மாநிலத்தில் ஃபால்ஸ் கிரீக், மவுண்ட் புல்லர், ஹோதம் என்று பனிச்சறுக்கு ஊர்கள் வரிசையாக இருக்கின்றன. ஜூன் இரண்டாம் வாரம் ஆரம்பித்து அக்டோபர் முதல் வாரம் வரை சீசன். அந்த நாலு மாதத்துக்கு மட்டும் ஆயிரக்கணக்கில் ஆள் வேண்டும். மலை மேலே ஏற்றும் தொங்கு நாற்காலியில் ஜனங்களை உட்கார வைக்க, சறுக்குக் கட்டையும் பூட்ஸும் வாடகைக்கு எடுத்துக் கொடுக்க, வாசலில் விழுந்த பனியை வாரிக் கொட்ட, பாத்திரம் கழுவ, அறை சுத்தம் செய்ய. இதற்கு ஆள் எடுப்பது ஜூன் மாதத்தில் என்று நினைக்காதீர்கள். வருஷ ஆரம்பத்திலேயே விளம்பரம் வந்து, பெரிய இடங்கள் எல்லாம் மார்ச், ஏப்ரலுக்குள் முக்கால்வாசி நிரம்பிவிடும். விசா கையில் வந்தபிறகு மே கடைசியில் போய் நிற்பவனுக்கு மிச்சம் மீதிதான்.

இப்போது அந்த வெட்கத்துக்கு வருகிறேன்.

மூன்று வருஷம் முன்பு பேரனுக்கு இந்த ஆசை முதலில் வந்தபோது என் மருமகப்பிள்ளை யாரிடமும் சொல்லாமல் ஓர் ஏஜெண்டைப் பிடித்திருந்தார். கனடாவில் பனிச்சறுக்கு ரிசார்ட்டில் "எக்ஸிக்யூட்டிவ்" வேலை, இரண்டு வருஷ ஒர்க்கிங் ஹாலிடே விசா, மொத்தம் மூன்றரை லட்சம். என் மகளின் வளையல் அடகுக்குப் போய், ஐம்பதாயிரம் அட்வான்ஸும் போய்விட்டது. மீதிக்கு நிலப் பத்திரத்தை எடுக்கலாமா என்று கேட்க வந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது.

மறுநாள் நானும் கூடப் போனேன். குளுகுளு அறை, சுவரில் பனிமலைப் படம், மேஜையில் சின்னக் கனடாக் கொடி. அந்தப் பையன் மரியாதையானவன்தான், எனக்குக் காபி வாங்கி வரச் சொன்னான். திட்டத்துக்கு அத்தாட்சியாக ஒரு ஃபைலைத் திறந்து ஒரு தாளை நீட்டினான். "ஒரிஜினல் கவர்மெண்ட் பேப்பர் சார்." தாள் பிரெஞ்சில் இருந்தது. கனடாவில் பிரெஞ்சும் ஆட்சிமொழி அல்லவா, எங்கிருந்தோ அச்செடுத்து வைத்திருக்கிறான். பாண்டிச்சேரியில் கடை போட்டவன், எதிரில் உட்கார்ந்திருக்கும் கிழவன் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவனாக இருக்கக்கூடும் என்று யோசிக்கவில்லை.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தேன். முதல் பத்தியிலேயே இருக்கிறது, பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவர்களுக்கு, பதினெட்டு முதல் முப்பத்தைந்து வயது வரை. என் பேரனிடம் இருப்பது இந்தியப் பாஸ்போர்ட். கனடா இந்தத் திட்டத்துக்காக ஒப்பந்தம் போட்டிருக்கும் நாடுகளின் பட்டியலில் இந்தியா கிடையவே கிடையாது. வரியைக் காட்டிக் கேட்டேன். "அதெல்லாம் அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம் சார்" என்றான். நாடு விட்டு நாடு மாறும் அட்ஜஸ்ட்மெண்ட்டை என் சர்வீஸில் நான் பார்த்ததில்லை.

ஐம்பதாயிரத்தில் நாற்பதாயிரம் திரும்பி வந்தது, பதினோரு தடவை நடந்தபிறகு. மீதி "புராசஸிங்" செலவாம்.

நம் வாசகர்களில் பேரப்பிள்ளைகள் வைத்திருப்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். 1983ஆம் வருஷத்துக் குடிபெயர்வுச் சட்டப்படி வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புகிற ஏஜெண்ட் மத்திய அரசில் பதிவு செய்து நம்பர் வாங்கியிருக்க வேண்டும். பதிவு செய்தவரே ஆனாலும் சேவைக் கட்டணம் முப்பதாயிரம் ரூபாயும் அதற்கு ஜி.எஸ்.டி.யும்தான் வாங்கலாம். ஒர்க்கிங் ஹாலிடே விசாவுக்கோ ஏஜெண்டே வேண்டாம். அந்த நாட்டு அரசாங்கத்தின் இணையப் பக்கத்தில் பிள்ளையே உட்கார்ந்து விண்ணப்பிப்பது அது.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது ஏஜெண்டைத் திட்டுவதற்காக இல்லை. அவன் திருடன், திருடன் வேலையைச் செய்தான். என் கோபம் வேறு இடத்தில். திரும்பி வரும்போது மருமகப்பிள்ளையைக் கேட்டேன்: "மாப்ள, அங்க என்ன வேலைன்னு கேட்டீங்களா? மணிக்கு எவ்வளவு? வாரத்துக்கு எத்தனை மணி? தங்குற இடம் யார் தரா, வாடகை யார் கட்டுறது?" ஒன்றையும் கேட்கவில்லை. வங்கியில் வேலை பார்க்கிறவர். ஐயாயிரம் ரூபாய் வாஷிங் மெஷினுக்கு அஞ்சு கடை ஏறி இறங்குகிறவர். மூன்றரை லட்சத்துக்கு ஒரு கேள்வி கேட்கவில்லை. ஏன் என்றால் கேட்டால் பதில் வந்துவிடும். "ரூம் க்ளீனிங் சார்" என்று அவன் சொல்லிவிட்டால் வீட்டில் எப்படிச் சொல்வது, சம்பந்தி வீட்டில் எப்படிச் சொல்வது? "எக்ஸிக்யூட்டிவ்" என்ற ஒரு வார்த்தைக்குத்தான் அந்த மூன்றரை லட்சம்.

தலைமையாசிரியர் நண்பருக்கு நான் சொல்ல வந்தது இதுதான். உங்கள் மாதிரி நாலு பெரியவர்கள் "வெக்கமா இல்லையா" என்று கேட்பதைத்தான் அந்த ஏஜெண்ட் முதலாகப் போட்டு வியாபாரம் செய்கிறான். கழுவுகிற வேலையைக் கழுவுகிற வேலை என்று வீட்டில் சத்தமாகச் சொல்ல முடிந்தால் அவன் கடையைக் கட்டிக்கொண்டு போக வேண்டியதுதான்.

அதுவும் இந்த ஊரில் இருந்துகொண்டு நாம் இதைப் பேசலாமா? நம் தெருவில் எத்தனை சொல்தா வீடுகள் இருந்தன! என் பெரியப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து சைகோன் போனவர். அங்கே என்ன செய்தார் என்று அவரே சிரித்துக்கொண்டே சொல்வார். மூன்று வருஷம் உருளைக்கிழங்கு உரித்தார், அதிகாரிகளின் பூட்ஸைத் துடைத்தார், மழையில் குழி வெட்டினார். அவர் லீவில் வந்தபோது ஊரே போய்ப் பார்த்தது. பிற்பாடு பென்ஷன் பிராங்கில் வந்தது. மாடி எழும்பியது. அவர் வீட்டுப் பெண்ணை எடுக்கப் போட்டி. யாராவது "உருளைக்கிழங்கு உரிச்சவன்தானே" என்று கேட்டோமா? அப்படியானால் நமக்கு வேலையில் வெட்கம் இல்லை. காசு எந்த உறையில் வருகிறது என்பதில்தான் வெட்கம்.

நானும் ஒன்றும் ராஜ உத்தியோகம் பார்க்கவில்லை. 1974இல் எல்.டி.சி.யாகச் சேர்ந்தேன், 260-400 ஸ்கேல். பிரெஞ்சு தெரியும் என்பதற்காகப் பழைய பதிவேடுகளை எடுத்துத் தூசு தட்டி நகல் எழுதும் வேலை. முதல் ஆறு மாதம் தூசு தட்டியதுதான் அதிகம். மேஜை முன்னால் உட்கார்ந்து தட்டியதால் அது கௌரவமான தூசாகிவிட்டது.

பெரியப்பாவைச் சொன்னதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1962 ஆகஸ்ட் 16ஆம் தேதி இணைப்பு ஒப்பந்தம் அமலுக்கு வந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்புகிறவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும் என்றார்கள். பெரியப்பா எழுதிக் கொடுத்தார். அப்பா கொடுக்கவில்லை. "இந்த மண்ணுல பொறந்தோம், இதுக்கு எதுக்கு மனு?" என்றார். எனக்கு அப்போது பதினோரு வயது. அப்பா செய்தது சரி என்றே இன்றைக்கும் நினைக்கிறேன். இந்திய அரசாங்கத்தின் சம்பளத்தில் வாழ்ந்தேன், அதன் பென்ஷனில் இருக்கிறேன்.

ஆனால் அந்த ஒரு மனு அறுபது வருஷம் கழித்து என்ன செய்கிறது பாருங்கள். பெரியப்பா மகன், எனக்கு அண்ணன் முறை, அவருடைய பேத்தி பாரிஸ் பக்கத்தில் வளர்ந்தவள், என்னைச் "சின்னத் தாத்தா" என்பாள். அவளுக்கும் 2024இல் இதே ஆசை. ஒரு சாயங்காலம் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தாள், படிவத்தை நிரப்பினாள், அறுநூற்றுச் சொச்சம் டாலர் கட்டினாள். விசா வந்துவிட்டது. பட்டம் கேட்கவில்லை, ஆங்கிலப் பரீட்சை கேட்கவில்லை. பிரெஞ்சுப் பிள்ளைகளுக்கு முப்பத்தைந்து வயது வரை கதவு திறந்திருக்கிறது, எத்தனை பேர் என்ற கணக்கும் கிடையாது.

என் பேரனுக்கு? ஆஸ்திரேலியாவோடு இந்தியா செய்துகொண்ட வர்த்தக ஒப்பந்தத்தில் வருஷத்துக்கு ஆயிரம் பேர் என்று ஒத்துக்கொண்டார்கள். 2024இல் அது நடைமுறைக்கு வந்தது. முப்பது வயது வரைதான். பிளஸ் டூவுக்கு மேலே படிப்பு வேண்டும், ஆங்கிலப் பரீட்சை வேண்டும், இவை எல்லாம் இருந்தும் முதலில் இருபத்தைந்து டாலர் கட்டிக் குலுக்கலில் பெயர் கொடுக்க வேண்டும். முதல் இரண்டு வாரத்திலேயே நாற்பதாயிரம் பேர் பெயர் கொடுத்துவிட்டதாகப் பத்திரிகைச் செய்தி. எள்ளுத்தாத்தா ஒரே ஆள், போகிற மலை ஒரே மலை, விரிக்கிற படுக்கை ஒரே படுக்கை. ஒருத்திக்குக் கதவு, ஒருத்தனுக்குச் சீட்டுக் குலுக்கல். நாற்பதில் ஒன்று கூட இல்லை. பேரன் பெயர் விழவில்லை. அதற்கு அவன் அத்தை, "அவனுக்குச் சாமர்த்தியம் போதாது" என்றாள். குலுக்கலில் என்ன சாமர்த்தியம் காட்டுவது?

சரி, கதவு திறந்திருந்தவள் சொர்க்கத்துக்குப் போனாளா? அதையும் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நானும் அந்த ஏஜெண்ட் சுவரில் படம் மாட்டிய மாதிரி ஆகிவிடும்.

அவளுக்கு அறை சுத்தம் செய்யும் வேலை. மலையடிவாரத்தில் ஜிண்டபைன் என்று ஏரிக்கரை ஊர். சீசனில் அங்கே வாடகைக்கு அறை கிடைப்பது குதிரைக்கொம்பு. நாலு பேர் ஓர் அறை, அடுக்குக் கட்டில், வாடகை வாரத்துக்கு வாரம். காலை ஐந்தரைக்கு இருட்டில் பஸ். ஓர் ஆளுக்கு இத்தனை அறை என்று கணக்கு. படுக்கை விரிப்பை இழுத்து மெத்தைக்கு அடியில் செருகிச் செருகி விரல் நுனி வெடித்துவிட்டதாம். வாட்ஸ்அப்பில் கையைக் காட்டினாள். தேங்காய் எண்ணெய் போடச் சொன்னேன்.

கூலி விஷயம் வேறு மாதிரி. 2024 ஜூலையில் அந்த நாட்டில் யாருக்கும் கொடுத்தே தீர வேண்டிய குறைந்தபட்சக் கூலி மணிக்கு 24 டாலர் 10 சென்ட். நிரந்தரமில்லாத "கேஷுவல்" ஆளுக்கு அதன் மேல் நாலில் ஒரு பங்கு கூட. ஆக முப்பது டாலர் சொச்சம், நம் கணக்கில் மணிக்குச் சுமார் ஆயிரத்து அறுநூறு ரூபாய். நல்ல கூலிதான். ஆனால் கேஷுவல் என்றால் மணிக்கணக்குக்கு உத்தரவாதம் இல்லை. பனி விழுந்தால் ஜனம் வரும், ஜனம் வந்தால் வேலை. அந்த வருஷம் பனி சரியாக இல்லை. அதற்கு முந்தின வருஷமும் இல்லை. சில இடங்களைக் குறித்த நாளுக்கு முன்பே மூடினார்கள். ஆகஸ்டில் வாரம் முப்பத்தெட்டு மணி இருந்தவளுக்கு செப்டம்பரில் பதினாலு மணி. வாடகை மட்டும் குறையவில்லை. உழவனுக்கு மழை மாதிரி இவளுக்குப் பனி.

இன்னொன்று நடந்தது. முதல் வாரச் சம்பளத்தில் "பயிற்சி" என்று சொல்லி ஏழு மணி நேரத்தை விட்டுவிட்டார்கள். பெண் சும்மா இருக்கவில்லை. தொழிலாளர் கூலியைக் கண்காணிக்க ஃபேர் ஒர்க் ஆம்புட்ஸ்மன் என்று அங்கே அரசு அமைப்பு இருக்கிறது. அவர்கள் வெளியிட்ட கூலிப் பட்டியலை எடுத்து, தேதி, மணி எல்லாம் போட்டு முதலாளிக்கு ஒரு கடிதம் எழுதினாள். அடுத்த வாரம் பணம் வந்துவிட்டது. எனக்கு அந்தக் கடிதத்தை அனுப்பியிருந்தாள். முப்பத்தைந்து வருஷம் குறிப்பெழுதிய குமாஸ்தா சொல்கிறேன், நல்ல டிராஃப்ட். அறை கழுவுகிற வேலைக்கு வந்தோமே என்று கூனிக் குறுகிப் போனவள் அதை எழுதியிருக்க முடியாது.

ஆஸ்திரேலிய அரசாங்கத்தையும் நான் விடுவதாக இல்லை. முதலாளி ஒவ்வொருவர் பெயரிலும் ஓய்வூதிய நிதிக்குச் சம்பளத்தின் மேல் ஒரு பங்கு கட்ட வேண்டும் என்பது அங்கே சட்டம், இப்போது நூற்றுக்குப் பன்னிரண்டு. இந்த விசாவில் வந்த பிள்ளை நாடு திரும்பும்போது அதைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். ஆனால் அதில் நூற்றுக்கு அறுபத்தைந்து வரி. நான் இரண்டு தடவை படித்தேன், கண்ணாடியை மாற்றியும் படித்தேன். அறுபத்தைந்துதான். சம்பளத்திலும் முதல் டாலரிலிருந்தே நூற்றுக்குப் பதினைந்து பிடிக்கிறார்கள். உள்ளூர்க்காரனுக்கு இருக்கிற விலக்கு வரம்பு பொதுவாக இவர்களுக்கு இல்லை. ஹாலிடே என்று பேர் வைத்தது எதற்கு என்று எனக்கு அப்போதுதான் விளங்கிற்று. தொழிலாளி என்று சொன்னால் பிற்பாடு கணக்குக் கேட்பான். விருந்தாளி கேட்கமாட்டான்.

எல்லாம் போக அந்தப் பெண் கையில் மிச்சம் அதிகம் இல்லை. பத்து நாள் சறுக்கக் கற்றுக்கொண்டாள், இரண்டு தடவை விழுந்து முட்டியைப் பேர்த்துக்கொண்டாள். மெல்போர்னைப் பார்த்தாள். திரும்பிப் போகும் வழியில் பாண்டிக்கு வந்து பத்து நாள் எங்கள் வீட்டில் இருந்தாள். இருந்த பத்து நாளும் காலையில் எழுந்ததும் அவள் கட்டில் விரிப்பு மூலை மடிந்து கத்தி மாதிரி நிற்கும். என் மனைவி அதை யாரும் கலைக்கக் கூடாது என்று மத்தியானம் வரை அந்த அறைக்குள் யாரையும் விடவில்லை.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் என் பேரன் இன்னும் போக வேண்டும் என்கிறான். இரண்டாம் தடவையும் குலுக்கலுக்குப் பெயர் கொடுத்தான், அதிலும் விழவில்லை. அடுத்த தடவையும் கொடுப்பான். ஆறு வருஷம் இருக்கிறது அவனுக்கு. இதற்கிடையில் இங்கேயே ஓர் ஓட்டலில் அறைப் பிரிவில் சேர்ந்திருக்கிறான், பழக்கமாகட்டும் என்று. காலை ஆறு மணி ஷிஃப்ட். தலைமையாசிரியர் நடைக்குப் போகிற நேரத்தில்தான் இவனும் சைக்கிளில் போகிறான். எதிரில் பார்த்தால் வணக்கம் சொல்லியிருப்பான். அவர் கவனித்திருக்க மாட்டார்.

நேற்று ராத்திரி பயோடேட்டாவைக் கொண்டுவந்து, "தாத்தா, இதப் பாத்துக் குடு" என்றான். "கெஸ்ட் அக்கமடேஷன் எக்ஸிக்யூட்டிவ்" என்று போட்டிருந்தான். அடித்தேன். என்ன செய்கிறாய் என்று கேட்டு, அவன் சொல்லச் சொல்ல எழுதினேன். ஒரு நாளைக்குப் பதினாலு அறை. படுக்கை விரிப்பது, கழிவறை கழுவுவது, துணி எண்ணி லாண்டரிக்கு அனுப்புவது. அவன் அதைப் படித்துவிட்டு, "பதினாலு இல்ல தாத்தா, சனி ஞாயிறுல பதினாறு" என்றான். திருத்திக் கொடுத்தேன்.